பூட்டு எப்போது அரசியல் ஆனது?

டெக்சாஸில் நம் சபையில் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு தேநீர் மேசையில் நடந்தது சபையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்கும், நான் சொல்லாத இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து. ஆகவே அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் அந்த மேசையில் வைத்தது எந்தக் கட்சியின் துண்டுப் பிரசுரமும் அல்ல. காவல் நிலையத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் துப்பாக்கிப் பூட்டுகள், ஓர் அட்டைப்பெட்டியில் இருபது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சைக்கிள் பூட்டைப் போன்ற, முழ நீளம்கூட இல்லாத ஒரு கம்பி வடம், அதன் நுனியில் சின்னப் பூட்டு, சாவி. துப்பாக்கிக்குள் வடத்தை நுழைத்துப் பூட்டிவிட்டால் அது வெறும் இரும்பு, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி அரை மணி நேரத்தில் மேசையிலிருந்து காணாமல் போய், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் கேரல் மேளமும் கிடக்கும் சாமான் அறையில் கிடைத்தது. "ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம்" என்று எனக்குச் சொல்லப்பட்டது. எனக்குக்கூட இல்லை, என் கணவரிடம், "வீட்டில் கொஞ்சம் சொல்லிவையுங்கள்" என்று.

எனக்குப் புரியவில்லை. பூட்டு எப்போது அரசியல் ஆனது?

நம் சபை எதைப் பற்றியெல்லாம் பேசும் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் எந்தப் படம் பார்க்கலாம், பெண்கள் எதை உடுத்தலாம், யார் யாரைக் கல்யாணம் செய்யலாம், குளிர்சாதனப் பெட்டியில் பீர் பாட்டில் இருக்கலாமா என்பதுவரை பிரசங்க மேடையிலிருந்து ஆலோசனை வரும். அதை யாரும் அரசியல் என்று சொன்னதில்லை. ஆனால் அதே வீட்டின் படுக்கையறை மேசை டிராயரில், குண்டு நிரப்பி, பூட்டாமல் கிடக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது. சபைக்கு வீட்டுக்குள் வர உரிமை உண்டென்றால் அந்த டிராயர்வரை வரவும் பொறுப்பு உண்டு. டிராயர்வரை வர முடியாதென்றால், தயவுசெய்து குளிர்சாதனப் பெட்டியையும் விட்டுவிடுங்கள்.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி மினியாபொலிஸில் அனன்சியேஷன் கத்தோலிக்க ஆலயத்தில் நடந்ததற்காக, அந்த வார ஞாயிறன்று நாமும் இரண்டு நிமிடம் மவுனமாக நின்றோம். பள்ளி ஆண்டின் முதல் திருப்பலி அது. சன்னல் வழியாக வந்த குண்டுகளில் எட்டு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு குழந்தைகள் செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகள் ஜெபித்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்று அந்த நகர மேயர் கேட்டபோது, அவர் ஜெபத்தைக் கேலி செய்கிறார் என்று நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் முதலில் கொஞ்சம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வஸ்திரமில்லாதவனையும் பசித்தவனையும் பார்த்து, ஒன்றும் கொடாமல், "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொன்னால் பிரயோஜனமென்ன என்று கேட்டது மேயர் அல்ல, வேதாகமத்தில் யாக்கோபு. மவுனம் முடிந்ததும் நம் சபை செய்தது என்ன? ஆராதனையின்போது துப்பாக்கியோடு வாசலில் நிற்கத் தொண்டர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம் என்று மதில் கட்டியதைச் சொல்லும் நெகேமியா நான்காம் அதிகாரமும் வாசிக்கப்பட்டது. துப்பாக்கியைக் கொண்டுவருவது பாதுகாப்பு, துப்பாக்கியைப் பூட்டுவது அரசியல்!

உடனே சொல்வீர்கள், 2019இல் நம் டெக்சாஸிலேயே வைட் செட்டில்மென்ட் ஊர் ஆலயத்தில் சுட வந்தவனை ஒரு தொண்டர் ஆறே நொடிகளில் வீழ்த்தினாரே என்று. உண்மை. அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. அந்த ஆறு நொடிகளுக்குள் இரண்டு பேர் இறந்தார்கள் என்பதும் உண்மை. வாசலில் ஆள் நிற்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வாசலோடு பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

ஏனென்றால் இந்த நாட்டில் துப்பாக்கியால் நிகழும் சாவில் பெரும்பகுதி ஆலய வாசல் வழியாக வருவதில்லை. 2022ஆம் ஆண்டில் அப்படி இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 27,000 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். வேறு வழியில் முயன்று பிழைத்தவர்கள் நம் நடுவிலேயே சாட்சி சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களுக்கு மனம் மாற நேரம் கிடைப்பதே அபூர்வம். "தற்கொலை விசுவாசக் குறைவு, அதற்குப் பூட்டு என்ன செய்யும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் கிறிஸ்தவளாக எழுத முடியாது என்று தோன்றியது.

"குற்றவாளி பூட்டு கேட்டா வருவான்?" என்றும் கேட்டார்கள். வரமாட்டான். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றவனும் எங்கும் வாங்கப் போகவில்லை. தாயின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போனான், போவதற்கு முன் அந்தத் தாயையும் கொன்றான். 2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற பையனுக்கு வயது 15. துப்பாக்கியைப் பூட்டி வைக்காததையும் சேர்த்துத்தான் அவனுடைய தாய்க்கும் தகப்பனுக்கும் 2024இல் சிறைத் தண்டனை கிடைத்தது. நான் பேசுவது இந்த டிராயர்களைப் பற்றி.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பனைவிளை எல்லைத் தகராறில் இரண்டு குடும்பங்கள் அரிவாளோடு நின்றன. ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே வெட்டு விழுந்தது. எங்கள் ஐயர், அதாவது ஊர்ச் சபைப் போதகர், அடுத்த ஞாயிறு திருவிருந்து கொடுக்கவில்லை. அந்த இரண்டு வீட்டாருக்கு மட்டுமல்ல, ஊருக்கே கொடுக்கவில்லை. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனார். திரும்பி வரும்போது கேரியரில் துண்டில் சுற்றிய இரண்டு அரிவாள்கள் இருந்தன. அதில் ஒன்றை வைத்துத்தான் ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளை வெகுகாலம் ஆலயத்தைச் சுற்றிப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பட்டயங்களை மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்ற ஏசாயா வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் அரிவாளே பட்டயம், அதை அடித்து வேறென்ன செய்வது! ஆனால் அன்று ஐயரிடம் யாரும் "இது போலீஸ் வேலை, சபை வேலை இல்லை" என்று சொல்லவில்லை.

அது நம்மூர், இது அமெரிக்கா, இங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாம் திருத்தம் அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது என்பீர்கள். தெரியும், குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவள்தான் நானும். பூட்டினால் எந்தத் திருத்தமும் உடைவதில்லை. அமெரிக்கச் சபைகளே செய்யாத எதையும் நான் கேட்கவும் இல்லை. 1992இல் பாஸ்டனில் ஒரு சவ அடக்க ஆராதனைக்குள் இளைஞர் கும்பல் புகுந்து தாக்கிய பிறகு, அந்நகரத்துக் கறுப்பினப் போதகர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் தெருத் தெருவாக நடந்து அந்தப் பையன்களிடமே பேசினார்கள். கொலராடோவில், போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான மெனோனைட் மரபிலிருந்து வந்தவர்கள், சாண்டி ஹூக்குக்குப் பிறகு, மக்கள் மனமுவந்து கொடுக்கும் துப்பாக்கிகளை உலையில் காய்ச்சித் தோட்டக் கருவிகளாக அடிக்கிறார்கள். டென்னசி மாநிலத்து நாஷ்வில் கவனன்ட் பள்ளியில் 2023 மார்ச்சில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டபின், அங்குள்ள பெற்றோர் துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்கும்படி மாநிலச் சட்டமன்றப் படியேறிக் கெஞ்சினார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களும் அவர்களில் உண்டு. கேட்டது கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம்தான் வந்தது. இருந்தும் கேட்டார்கள். நான் படியேறச் சொல்லவில்லை. ஒரு மேசையின் ஓரத்தைத்தான் கேட்டேன், அதுவும் வடைத் தட்டுக்குப் பக்கத்தில்.

"ஆண்டவரே பட்டயம் வாங்கச் சொன்னாரே" என்று லூக்கா 22ஐக் காட்டுபவர்கள், தயவுசெய்து அதே அதிகாரத்தில் இன்னும் சில வசனங்கள் தள்ளி வாசியுங்கள். அந்தப் பட்டயத்தால் ஒரே ஒரு காது வெட்டப்பட்டது, அதையும் அவர் தொட்டுச் சுகமாக்கினார். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

"நாம் பிழைக்க வந்தவர்கள், பாதிப்பேர் விசாவில் இருக்கிறோம், நமக்கேன் வம்பு" என்ற பேச்சுதான் உண்மையில் என்னை யோசிக்க வைத்தது. அந்தப் பயம் எனக்கும் உண்டு, பத்து வருடம் அதோடுதான் தூங்கினேன். ஆனால் என் மகன் செப்டம்பரிலிருந்து ஆலயத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு வருவதில்லை. பக்கவாட்டுக் கதவுக்கு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். மின்விசிறிக் காற்றுக்காக என்று நினைத்தேன். போன மாதம் கேட்டபோது, பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இங்கேயிருந்து ஓடுவது சுலபம்மா" என்றான். வயது ஒன்பது. அவன் விசா எதுவென்று யார் கேட்டார்கள்?

அண்ணாச்சி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நாங்கள் இரண்டு பெட்டிகளோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர் நீங்கள். மூன்று வாரம் உங்கள் வீட்டில் சாப்பிட்டோம். என் மகன் பிறந்தபோது அக்காதான் மருந்துக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நேராக என்னிடமே "ஏ பிள்ள, எடுத்து உள்ளே வை" என்று சொல்லியிருக்கலாம், எடுத்து வைத்திருப்பேன். என் கணவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமான் அறையிலிருந்து பெட்டியை எடுத்து வந்து எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான் இருந்தன. அந்த அரை மணி நேரத்தில் யாரோ நான்கு பூட்டுகளை எடுத்துப் போயிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அரசியல் பேசும் ஆட்களாக அவர்கள் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதத் தேநீர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை என்று பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நேற்று அழைத்துச் சொன்னார்கள். சரி. பெட்டி இப்போது என் கார் டிக்கியில் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசையில் டிக்கியைத் திறந்து வைத்திருப்பேன், பெயர் கேட்கமாட்டேன். எடுத்துப் போகிறவர்கள் சாவியை மட்டும் அதே டிராயரில் போட்டுவைக்காதீர்கள்.