கேணல் லில்லியும் எங்கள் வெள்ள வாய்க்கால்களும்

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு. ஈலாய் லில்லி என்ற பெயரை அந்தப் போத்தலில் சிலர் கண்டிருப்பீர்கள். கம்பனியின் பெயர் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர், அவர் ஒரு கேணல்.

இராணுவ அதிகாரி தொழிலதிபராகி ஊருக்கு நல்லது செய்தார் என்று இங்கிருந்து எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். நியாயம்தான். எங்களுக்கு இராணுவமும் வியாபாரமும் என்றவுடன் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்துகிற தல்செவன ஹோட்டல்தான் நினைவுக்கு வரும், அது சீருடையோடு செய்கிற தொழில். லில்லி 1865இல் போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றியவர். அதனால் தொடர்ந்து வாசியுங்கள்.

1838இல் பிறந்தவர். இளம் வயதில் மருந்துக்கடையில் வேலை பழகினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணிக்காக ஒரு பீரங்கிப் படையைத் தானே ஆள் சேர்த்து உருவாக்கினார், பிறகு குதிரைப்படைக்குப் போனார், 1864இல் அலபாமாவில் எதிரியிடம் பிடிபட்டுக் கைதியாக இருந்தார். போர் முடிந்த கையோடு மிசிசிப்பியில் பருத்தித் தோட்டம் செய்யப் போனார். அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. 1866இல் மனைவி எமிலி மலேரியாவில் இறந்துபோனார். மழை பொய்த்தது, பங்காளி காசோடு ஓடிவிட்டான், கடைசியில் வங்குரோத்து. கையில் ஒரு சின்ன மகன். 1876இல், 38 வயதை நெருங்கும்போது, இண்டியானாபொலிஸில் 1,400 டொலரோடு சொந்த மருந்துத் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். வேலையாட்கள் மூன்று பேர், அதில் ஒருவன் அந்த 14 வயது மகன். ஆரம்பத்தில் செய்த மருந்துகளில் ஒன்று குயினைன். மனைவியைக் கொண்டுபோன நோய்க்கான மருந்து. வன்னிக்குப் போய்வந்து காய்ச்சலில் கிடந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் சந்தையில் எவனும் எதையும் கரைத்துப் போத்தலில் ஊற்றி 'சர்வரோக நிவாரணி' என்று விற்கலாம். லில்லி அதற்கு எதிராக, டொக்டர்மார் எழுதிக் கொடுக்கிற தரமான மருந்துதான் செய்வேன் என்று நின்றார், மருந்துகளை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்றும் பேசினார். ஆனால் ஆளைத் தூக்கிக் கோபுரத்தில் வைக்க வேண்டாம். அவருடைய கம்பனியிலேயே நன்றாக ஓடிய சரக்குகளில் ஒன்று பால்வினை நோய்க்கும் வாதத்துக்கும் தோல் வருத்தத்துக்கும் ஒன்றாகக் கொடுத்த மூலிகைச் சாறு. வியாபாரி வியாபாரிதான்.

எனக்கு அவரில் பிடித்தது மருந்தும் இல்லை, பீரங்கியும் இல்லை. காசு வந்த பிறகு அவர் எதற்காக அலைந்தார் என்பதுதான். 1879இல் நகருக்குக் குடிநீர்க் கம்பனி வேண்டும் என்று யோசனை வைத்தார். அதே ஆண்டில் 25 வியாபாரிகளோடு சேர்ந்து, தனித்தனியாக நடந்த தர்ம வேலைகளை ஒழுங்குபடுத்துகிற சங்கத்துக்குக் கைகொடுத்தார் (இப்படியான சங்கங்கள் 'உண்மையான ஏழையா' என்று வீடுவீடாக விசாரித்த விதம் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை). 1890 அளவில் கம்பனியின் அன்றாட வேலையை மகனிடம் கொடுத்துவிட்டு, நகர வியாபாரிகளின் கொமர்ஷல் கிளப்புக்கு முதல் தலைவரானார். அந்தக் கிளப் கேட்டவை: தெருக்களுக்குத் தளம், கழிவுநீர்க் குழாய், ரயில் பாதையைத் தெருமட்டத்திலிருந்து உயர்த்துவது. 1893இல் பொருளாதாரம் சரிந்தபோது வேலை இழந்தவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் ஒழுங்கு செய்தார். 13 வயதில் டிப்தீரியா என்ற தொண்டை நோயில் போன மகள் எலினரின் பெயரில் பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் காசு கொடுத்தார், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கழிவுநீர்க் குழாய்க்காகப் பெரிய பணக்காரர் ஒருவர் கூட்டம் கூட்டமாகப் பேசித் திரிந்ததை யோசித்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் ஊர். வெளிநாட்டுக் காசுக்குக் குறைவில்லை. கோயில்களுக்கு ராஜகோபுரம், பள்ளிக்கூடங்களுக்கு வளைவு, வாசலில் கருங்கல்லில் அப்பா அம்மாவின் பெயர். நல்லது. ஆனால் இது சுண்ணாம்புக்கல் நிலம், நாங்கள் குடிக்கிறது நிலத்தடி நீர், மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். குழியில் விட்டதும் தோட்டத்தில் போட்ட உரமும் ஊறி நைத்திரேற்று என்ற மாசாகக் கிணற்றுக்கு வருகிறது என்று எத்தனையோ வருடமாக ஆய்வுகள் சொல்கின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊரே பதறியது, ஆனால் நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாதே, அதனால் பதற்றமும் இல்லை. கார்த்திகை மழைக்கு ஒழுங்கைகள் குளமாகும்போது மாநகரசபையைத் திட்டுகிறோம், மழை விட்டதும் வாய்க்காலுக்கு மேலே மதில் கட்டுகிறோம்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்பீர்கள். சரி, அரசாங்கத்தின் வேலைதான். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் வந்திருக்கிறது, அது எத்தனை வருட இழுபறிக்குப் பிறகு வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். லில்லியும் குழாயைத் தன் காசில் புதைக்கவில்லை, புதைக்க வைத்தார். எங்களுக்கும் இது புதிதில்லை. கே. எம். செல்லப்பா என்பவர் 1933இல் ஆரம்பித்த சின்ன வாசிகசாலை ஊர்க்காசில் வளர்ந்துதான் யாழ்ப்பாணப் பொது நூலகமானது. யாழ்ப்பாண நகரத்து ஆரியகுளத்தை 2021இல் சீரமைத்ததும் கொடையாளர் காசில்தான்.

லில்லி 1898இல் இறந்தார். இன்சுலினை அவர் காணவில்லை, ரொறன்ரோவில் கண்டுபிடித்ததை 1923இல் அந்தக் கம்பனி பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே கம்பனி பிறகு இன்சுலினை யானை விலைக்கு விற்று, அமெரிக்காவில் வசை வாங்கி, 2023இல் விலையைக் குறைத்தது. தாத்தாவின் பெயரைச் சொல்லி யாரும் அதை மன்னிக்கத் தேவையில்லை.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு தடவை வளைவை விட்டுவிட்டு, உங்கள் ஊரில் எத்தனை கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்திருக்கிறார்கள், எந்த வாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் மதவிலும் பதிக்கலாம், இடம் இருக்கிறது. அனுமதி எடுக்கத்தான் அலைச்சல், அதற்கு இங்கே இருக்கிற நாங்கள் பிரதேச சபைக்கு வந்து நிற்கிறோம்.