வாங்காத கடனுக்கு நாம் ஏன் சாட்சி தேட வேண்டும்?

2022ஆம் ஆண்டு என் தம்பி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தான். வங்கி மேலாளர் அவனது கடன் அறிக்கை (ஒருவர் வாங்கிய கடன்களும் கட்டிய தவணைகளும் பதிவாகும் ஆவணம்) தெரிந்த கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் அவனுடையவை. கைப்பேசி எண் மட்டும் வேறு யாருடையதோ. ஏதோ ஒரு கடன் செயலியில் 38,000 ரூபாய் வாங்கி, ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லை என்று பதிவாகியிருந்தது. அந்தச் செயலியின் பெயரையே அவன் அன்றுதான் கேள்விப்பட்டான்.

அடையாளத் திருட்டுக்குப் பெரிய கணினித் திறமை வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு ஜெராக்ஸ் தாளே போதும். எங்கள் தெருக் கடையில் கோணலாக விழுந்த ஆதார் நகல்கள் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். முகமும் முகவரியும் தெளிவாகத் தெரிந்தன. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம், நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்து, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றிருக்கக் கூடாது என்றே இன்றும் கருதுகிறேன்.

கடன் ஒரு வடிவம்தான். நம் பெயரில் சிம் வாங்கி ஊரை ஏமாற்றுகிறார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். பத்திரங்களில் உள்ள கைரேகையைப் படியெடுத்து, ஆதார் வழியாகக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருக்கிறார்கள். இதைத் தடுக்க ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, கூலித் தொழிலாளியின் ஆவணங்களைக் கொண்டு ஜிஎஸ்டி பதிவு பெற்று, கொள்முதலில் ஏற்கெனவே வரி கட்டியதாகப் போலி ரசீதுகளால் காட்டி, அதற்கான வரி வரவைச் சுருட்டுவது. கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வரும்போதுதான் தன் பெயரில் ஒரு நிறுவனம் இருப்பதே அவருக்குத் தெரியவருகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இதற்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் திருடனைத் தேடுவதற்கு முன்பே, நான் வாங்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பறிகொடுத்தவர் தலையில் விழுந்துவிடுகிறது. முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் கடன் கொடுத்தவர்கள், உரிய ஆளுக்குத்தான் கொடுத்தோம் என்று ஏன் நிரூபிக்கக் கூடாது? தம்பி புகார் எண்ணையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தான். கடன் அறிக்கைப் புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆறாம் மாதம் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. அதற்குள் அவன் முன்பணம் கொடுத்திருந்த வீட்டை உரிமையாளர் வேறொருவருக்கு விற்றுவிட்டார்.