பழைய டேபிள் சா (மேசை ரம்பம்) மெஷினுக்கு வேறு கம்பெனி ஃபென்ஸ் பொருந்துமா?

பழைய டேபிள் சா மெஷினுக்கு அதே கம்பெனி ஃபென்ஸ்தான் (பலகையை நேராக அறுக்க அணைத்துத் தள்ளும் தடுப்பு) சேரும், கிடைக்காவிட்டால் மெஷினையே மாற்றணும் என்று ஒரு அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பலரும் அதையே திருப்பிச் சொல்வதால் எழுதுகிறேன். அப்படி இல்லை அண்ணாச்சி.

டீ-ஸ்கொயர் வகை (T வடிவ) ஃபென்ஸ், மேசையின் முன்விளிம்பில் போல்ட் போட்டு மாட்டும் ரெயிலில்தான் பூட்டிக்கொள்ளும். மெஷினில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது மேசையின் முன்-பின் அளவு (10 இன்ச் பிளேடு மெஷின்கள் பலவற்றில் 27 இன்ச்), விளிம்பு ஓட்டைகளின் இடைவெளி. மைட்டர் பள்ளத்தை (குறுக்கே அறுக்கும் மைட்டர் கேஜ் ஓடும், மேசை மேலுள்ள நீளப் பள்ளம்) ரெயில் மறைக்கவும் கூடாது.

நீங்களே பார்க்கலாம். பழைய ரெயிலைக் கழற்றி, அந்த விளிம்பில் பேப்பரை ஒட்டி பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஓட்டைகள் அச்சாக விழும். அதைப் புது ரெயிலின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். களியக்காவிளையில் எங்கள் பட்டறையில் இரண்டு ஓட்டை சேரவில்லை. ரெயிலின் ஆங்கிளிலேயே (L வடிவ இரும்பு) புதிதாகத் துளைத்தோம், அரைமணி நேர வேலை. மறுநாளே அயினிப் பலகை கிழித்தோம்.

மாட்டியதும் மைட்டர் பள்ளத்திலிருந்து ஃபென்ஸ் வரை முன்னாலும் பின்னாலும் ஒரே அளவா என்று அளந்து பாருங்கள்.