குரங்குக்கும் பயம் இல்லை, திருடனுக்கும் தேவை இல்லை

1998 மாடல் மாருதி 800-ஐ எவன் திருடப் போறான்? மச்சினன்தான் கேக்கலை. "ரிமோட்டை அமுக்கினா போதும் மாமா"ன்னு அலாரம் மாட்ட வச்சுட்டான்.

மாட்டினதே ஒரு நாள் கூத்து. எல்லாக் கதவையும் ஒரே நேரத்துல பூட்டுற சென்ட்ரல் லாக் இல்லாத வண்டி, அதனால நாலு கதவுக்கும் தனித்தனி மோட்டார் மாட்டணும். முன்னாடி எவனோ ஸ்டீரியோவுக்காக வெட்டி ஒட்டின வயர்ல, அலாரத்தோட வந்த வயரிங் படத்துல போட்ட கலர் ஒண்ணுகூட இல்லை.

சரி, அதுகூடப் போகட்டும். இது குன்னூர். ஐப்பசி மழை ஆரம்பிச்சா துணியே காயாது. கதவுத் தூண்ல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு பாருங்க, கதவைத் திறந்தா எர்த் ஆகி உள்விளக்கை எரிய வைக்கிறது, அலாரம் அதைத்தான் நம்பிக் கிடக்கு. ஈரத்துல அது கோளாறு பண்ணினா, மூடின கதவையே 'திறந்துட்டான்'னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஊளையிடும்.

பகல்ல குரங்கு. பானெட்ல குதிச்சதும், அதிர்வைப் பிடிக்கிற ஷாக் சென்சார் அலறும். குரங்கு அசையறதில்லை, நான்தான் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்து மூச்சு வாங்க ஓடி வரணும். சென்சார் திருகைக் குறைச்சேன். இப்போ டயரை உதைச்சாலும் சத்தம் இல்லை, குரங்கு வந்தா மட்டும் எப்படியோ கத்துது!

அலாரம் நாள் முழுக்க முழிச்சிருக்க இழுக்கிற கரண்டு வேற. பத்து நாள் எடுக்காம விட்டேன், குளிர்ல பேட்டரி படுத்துருச்சு. நல்லவேளை, வீடு இறக்கத்துல. செகண்ட் கியர்ல உருட்டி ஸ்டார்ட் பண்ணினேன்.

ஸ்டார்ட் ஆச்சு. கூடவே சைரனும்.