ஆன் லோவை அந்த ஒரு கவுனோடு நிறுத்திவிட வேண்டாம்

1953 செப்டம்பர் 12 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் ஜான் கென்னடியை மணந்த ஜாக்குலின் அணிந்திருந்த தந்த நிறப் பட்டுக் கவுன் அமெரிக்கப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக இடம்பெற்றது. ஆனால் அதை வடிவமைத்துத் தைத்த ஆன் லோவின் பெயரை அவற்றில் பெரும்பாலானவை குறிப்பிடவில்லை. திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு அவருடைய தையற்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மணப்பெண்ணின் கவுனும் தோழியர் உடைகளில் பெரும்பாலானவையும் பாழாயின. அவர் புதிதாகத் துணி வாங்கி, இரவு பகலாக உழைத்து, அத்தனையையும் மறுபடி தைத்து முடித்தார். சுமார் 700 டாலர் லாபம் வந்திருக்க வேண்டிய அந்த வேலையில் 2,200 டாலர் நட்டப்பட்டும், மணமக்கள் வீட்டாரிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்று அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் இந்தக் கதையோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அலபாமாவில் அடிமையாகப் பிறந்த பாட்டியிடமும் தாயிடமும் தையல் கற்ற இந்தக் கறுப்பினப் பெண், வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சிறுவயதிலேயே பூக்களாக்கப் பழகினார். நியூயார்க் தையற்பள்ளியில் வெள்ளை மாணவியர் உடன் அமர மறுத்ததால் தனி அறையில் உட்கார்ந்து படித்தார். அவருடைய 1960களின் கவுன்களில் பட்டு ரோஜாக்களை இதழ் இதழாக உருவாக்கிக் கையாலேயே பொருத்தியிருக்கும் விதத்தைப் பாருங்கள். அவருடைய மேதைமை முழுமையாக வெளிப்படுவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

ராக்ஃபெல்லர், டு பான்ட் போன்ற பெருஞ்செல்வக் குடும்பங்களுக்கு உடை தைத்தும் அவர் கடனில் மூழ்கினார். வாடிக்கையாளர்கள் பேரம் பேசினார்கள், அவரும் உழைப்புக்கு ஏற்ற விலையைக் கேட்கவில்லை. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட மகன் ஆர்தர் 1958இல் கார் விபத்தில் இறந்தபின் நிலைமை கைமீறியது. 1961இல் ஒரு பத்திரிகை அவரைப் பெயரின்றி ஒரு கறுப்பினத் தையல்காரி என்று மட்டும் எழுதியபோது, தம் மன வேதனையை அவர் ஜாக்குலினுக்கே கடிதமாக எழுதினார்.

அவர் 1981இல் மறைந்தார். 2023இல் டெலவேரின் வின்டர்தர் அருங்காட்சியகம் அவருடைய கவுன்களை ஒருசேரக் காட்சிக்கு வைத்தது. புகழ்பெற்ற அந்த மணக்கோல உடை நைந்துபோயிருந்ததால், அதன் நகல் மட்டுமே அங்கு இடம்பெற்றது. ஆடை வடிவமைப்புப் பள்ளிகள் அவருடைய ரோஜாக்களையும் உள்தையலையும் முதலில் கற்பிக்கட்டும்; கென்னடி திருமணம் அதற்குப் பிறகு வரட்டும். கூடவே, இத்தகைய கையுழைப்புக்கு விலை நிர்ணயிப்பது எப்படி என்பதையும் அவருடைய கடன் கணக்கை முன்வைத்தே சொல்லித்தர வேண்டும்.