கொம்பு படுத்தா விசிறி நிக்கும்

(பாளையங்கோட்டையில் ஒரு பெயிண்ட் கடை. சரவணன் கையில் ஒரு கட்டைப்பையோடு வருகிறான். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் ரோஸ் கலர்.)

அண்ணாச்சி: வாரும். என்ன வே, ஹோலி நம்ம ஊருக்கும் வந்துட்டா?

சரவணன்: போங்க அண்ணாச்சி. ஸ்ப்ரே கன் வாங்கி ஹாலுக்கு எமல்ஷன் தண்ணிப் பெயிண்டு அடிச்சேன். சுவத்துல பட்டதை விட என் மேல பட்டதுதான் ஜாஸ்தி. மெஷினு ஃபால்ட்டு.

அண்ணாச்சி: மெஷினுக்கு வாய் இல்லை, அது மேல என்ன பழி வேணும்னாலும் போடலாம். தண்ணி எவ்வளவு ஊத்தினீரு?

சரவணன்: முதல்ல ஊத்தவே இல்லை. கட்டி கட்டியாத் துப்புச்சு. கோவத்துல பாதிக்குப் பாதி ஊத்திட்டேன். சுவத்துல ஏறுன வேகத்துல தரைக்கு இறங்கிருச்சு.

அண்ணாச்சி: கெட்டியா இருந்தா மெஷினு ஊதுற காத்து அதைத் துளியா உடைக்க முடியாது, துப்பும். நீத்தா இருந்தா சுவத்துல நிக்காது, ஓடும். லிட்டருக்கு முதல்ல 100 மில்லி ஊத்திக் கலக்கி, ஒரு அட்டையில அடிச்சுப் பாரும். துப்புச்சுன்னா இன்னொரு 50. அப்படி 50, 50ஆத்தான் ஏத்தணும். டப்பாவுல போட்டிருக்க அளவைத் தாண்டிராதீரும், பழைய கலரை மூடாது. அது சரி, மெஷினோட சின்னக் கப்பு ஒண்ணு வந்திருக்குமே?

சரவணன்: அதை ஏன் கேக்கீங்க! அடியில ஓட்டை. ஓட்டைக் கப்பை என் தலையில கட்டிட்டீங்கன்னு கம்ப்ளைண்ட் போட்டேன். பதிலே இல்லை. நானே எம்சீல் வச்சு அடைச்சுட்டேன்.

அண்ணாச்சி: (கல்லாவைப் பிடித்துக்கொள்கிறார்) வே, பெயிண்டு கெட்டியா நீத்தான்னு பாக்க அந்த ஓட்டைதான் வே அளவே! கப்பைப் பெயிண்டுல முக்கித் தூக்கினா ஓட்டை வழியா நூலா இறங்கும். நூலு அறுந்து சொட்டா விழ ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை செகண்டுன்னு எண்ணணும். எந்தப் பெயிண்டுக்கு எத்தனை செகண்டுன்னு அந்த மெஷினு புத்தகத்துலயே இருக்கும்.

சரவணன்: புத்தகத்தைத்தான் அண்ணாச்சி தரையில விரிச்சேன், பெயிண்டு சிந்திரக் கூடாதேன்னு.

அண்ணாச்சி: பெயிண்டு படாம மூடுற மாஸ்கிங்குன்னு நீரு செஞ்சது அது ஒண்ணுதானா? ஃபேனாவது நிறுத்தினீரா?

சரவணன்: வேர்க்குமேன்னு அஞ்சுல வச்சிருந்தேன்.

அண்ணாச்சி: வெளங்கும். சோபா, சுவிட்சு போர்டு, ஜன்னல் எல்லாத்துக்கும் பேப்பர் போட்டு டேப் ஒட்டவே அரை நாள் ஆகும். அடிக்கிறது அரை மணி நேரம்தான். தண்ணிப் பெயிண்டுதானேன்னு மூக்கைத் திறந்து போட்டுட்டும் நிக்காதீரும். கன்னுல வார பெயிண்டுப் புகை நுரையீரலுக்குள்ள போகும், என்95 மாஸ்க் போடணும். எங்க, கன்னைக் காட்டும். நாசில், அதான் பெயிண்டு வார வாய், என்ன சைஸு?

சரவணன்: இருக்கதுலயே சின்னது. 1 மில்லிமீட்டர். நைஸா வரும்னு.

அண்ணாச்சி: எமல்ஷன் அதுல எப்படி வே வரும்? 2.5 போடும். பெயிண்டை வடிகட்டினீரா?

சரவணன்: நான் என்ன டீயா போடுதேன்?

அண்ணாச்சி: பழைய டப்பாவுல மேல ஆடை கட்டியிருக்கும். அதுல ஒரு துணுக்கு போதும், நாசிலை அடைக்க. நைலான் துணியில வடிகட்டும். பருத்தி வேண்டாம், பிசிறு விழும். அடைச்சப்போ என்ன செஞ்சீரு?

சரவணன்: ஊக்கை விட்டுக் குத்தினேன். அப்பவும் வரலைன்னு டர்பன்டைன் ஊத்தினேன். தயிராத் திரிஞ்சு போச்சு.

அண்ணாச்சி: எண்ணெய்ப் பெயிண்டுக்கு ஊத்துற டர்பன்டைனைத் தண்ணிப் பெயிண்டுலயா! பாயசத்துல புளியைக் கரைச்ச கதைதான். ஊக்கு வேற. நாசில் வாய்ல ஒரு கீறல் விழுந்தா அப்புறம் எந்நாளும் கோணலாத்தான் அடிக்கும். பல்குச்சியால எடுக்கணும். (கன்னில் பெயிண்ட் ஊற்றும் கப்பின் மூடியைத் திருப்பிப் பார்க்கிறார்) இங்கன பாரும், மெல்லிசா ஒரு ரப்பர் வில்லை தெரியுதா? கப்புக்குள்ள காத்து போற வழி இது. காத்து உள்ள போய் அமுக்கினாத்தான் பெயிண்டு மேல ஏறும். கன்னைப் படுக்கப் போட்டீரா?

சரவணன்: போன் வந்துச்சு. சோபாவுல சாச்சு வச்சேன்.

அண்ணாச்சி: பெயிண்டு ஏறி வில்லை ஒட்டிக்கிட்டு. மோட்டார் கத்தும், ஒரு சொட்டு வராது. ஃபால்ட்டு மெஷினுல இல்லை, போன்ல. (வில்லையைக் கழற்றிக் கழுவி, கப்பில் தண்ணீர் ஊற்றி, அட்டையில் அடிக்கிறார். அடிக்கிறது.)

சரவணன்: ஆகா!

அண்ணாச்சி: இப்போ நீரு அடிச்சுக் காட்டும். நில்லும், நில்லும். இது என்ன, தீபாராதனையா? மணிக்கட்டைச் சுத்தினா நடுவுல அப்பும், ஓரத்துல பூசின மாதிரியே இருக்காது. சுவத்துக்கும் நாசிலுக்கும் ஒரு சாண். அந்தச் சாண் கூடாமக் குறையாம கை மொத்தமும் நகரணும். சுவரு தொடங்குறதுக்கு முன்னாலயே விசையை அமுக்கி, தாண்டின பொறவு விடும். முதல்ல அடிச்ச பட்டையில பாதி மேல அடுத்த பட்டை ஏறணும்.

சரவணன்: முன்னால இருக்க இந்த ரெண்டு கொம்பு எதுக்கு?

அண்ணாச்சி: அதுல வார காத்துதான் பெயிண்டை விசிறியாத் தட்டும். கொம்பு படுத்திருந்தா விசிறி நிக்கும், இடம் வலமாப் போகலாம். கொம்பு நின்னா விசிறி படுக்கும், மேலயும் கீழயும் போகலாம்.

சரவணன்: நான் கொம்பை நிக்க வச்சு இடம் வலமாப் போனேன்.

அண்ணாச்சி: அதான் கோலம் போட்ட மாதிரிக் கோடு கோடா வந்திருக்கும். முடிச்சதும் மிச்சப் பெயிண்டைக் கொட்டிட்டு உடனே தண்ணி ஊத்தி, தெளிவா வார வரைக்கும் அடிச்சுக் கழுவும். நாளைக்குன்னு வச்சா தீர்ந்துச்சு. காஞ்ச எமல்ஷன் தண்ணியில கரையாது. கரைஞ்சா மழைக்கு ஒரு சுவராவது நிக்குமா? மோட்டாரை மட்டும் தண்ணியில முக்கிராதீரும்.

சரவணன்: நாளைக்கே ஹாலை முடிச்சிருதேன்.

அண்ணாச்சி: கன்னை ஜன்னல் கம்பிக்கும் பிரம்பு நாற்காலிக்கும் வச்சுக்கிடும். பிரஷ் நுழையாத இடத்துக்குத்தான் அது ராஜா. குடியிருக்க வீட்டு ஹாலுக்கு 9 இஞ்ச் ரோலர் போதும். 

சரவணன்: காம்பவுண்டு சுவத்துக்கு? அதுவும் நேத்து அடிச்சேன். தொட்டா உப்புத்தாள் மாதிரி இருக்கு.

அண்ணாச்சி: எத்தனை மணிக்கு?

சரவணன்: மத்தியானம் 1 மணி. நல்ல காத்து.

அண்ணாச்சி: சுவத்தைத் தொடுறதுக்கு முன்னாலயே காஞ்சு பொடியா ஒட்டியிருக்கு. காலையில காத்தில்லாத நேரத்துல அடிக்கணும். காத்துல போன மிச்சம் எங்க போச்சு?

சரவணன்: (குரலைத் தாழ்த்தி) எதிர் வீட்டு ஸ்கூட்டர். கருப்பு.

அண்ணாச்சி: இப்போ?

சரவணன்: ரோஸ் புள்ளி. காஞ்சா தண்ணியில கரையாதுன்னு வேற சொல்லுதீங்க. அவர் சாயங்காலம் வாரேன்னு சொல்லியிருக்காரு. எவ்வளவு தள்ளி நிக்கலாம் அண்ணாச்சி?

அண்ணாச்சி: நீரு அடிக்கும்போது ஒரு சாண் போதும். அவரு அடிக்கும்போது பத்தாது.