அம்மாவுக்கும் உள்ளே ஒரு கட்டில் போடுங்கள்

குறை மாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றால் உடனே "எவ்வளவு எடை?" என்று கேட்போம். அம்மா எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. பல சமயம் சிசேரியன் தையலோடு வேறு மாடியில் படுத்திருப்பாள். பால் பீச்சிக் கொடுத்தனுப்புவாள், உள்ளே நர்ஸ் பாலாடையில் புகட்டுவார்.

இந்தப் பிரிவினை குழந்தைக்கு நல்லதா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்துவிட்டது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவோடு நம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அந்த ஆய்வில் உண்டு. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வழக்கப்படி முதலில் இன்குபேட்டர் அல்லது வார்மர் என்ற சூடேற்றும் படுக்கை, உடல்நிலை சீரான பிறகே கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டி வைத்திருப்பது. இன்னொரு பிரிவுக்குப் பிறந்த கையோடு அம்மாவின் மார்பு. இதற்காக அம்மாவின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள்.

28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 15.7 சதவீதம், இரண்டாவதில் 12. அதாவது 27 குழந்தைகளை இப்படி வைத்திருந்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2021இல் முடிவு வெளியானது, 2022இல் பரிந்துரையாகவும் ஆனது. பிறந்து ஒரு மணி நேரமாகியும் தானாக மூச்சு விடாத குழந்தைகள் இந்தக் கணக்கில் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அம்மா உள்ளே வந்தால் கிருமி வரும்" என்பார்கள். அம்மாவோடு இருந்த குழந்தைகளிடம்தான் தொற்று குறைவாக இருந்தது!

1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரெய் என்ற மருத்துவர் தொடங்கிய முறைதான் கங்காரு பராமரிப்பு. பெட்டி வாங்க வழியில்லாதவர்களின் வைத்தியம் என்றே பல காலம் இதை ஒதுக்கி வைத்தார்கள். விலைச்சீட்டு இல்லாத எதற்கும் நம்மிடம் மரியாதை கிடையாதே.

ஆனால் ஆஸ்பத்திரியை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த ஆய்வில் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம் மார்பிலேயே இருந்தது. பச்சை உடம்புக்காரி தனியாக எப்படிச் செய்வாள்? அவள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், வீட்டில் மூத்தது ஒன்று அழுதுகொண்டிருக்கும். அம்மாவால் முடியாத நேரத்தில் வேறொரு உறவினர் சுமக்கலாம் என்று ஆய்விலேயே ஏற்பாடு இருந்தது. இங்கே அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையைப் போட்டுக்கொள்ளத் தயார் என்றாலும் "ஆம்பளைங்க உள்ளே வரக்கூடாது" என்று வாசலிலேயே மறிக்கிறார்கள். பல அப்பாக்களுக்கு அந்தத் தடை வசதியாகவும் இருக்கிறது, சரி, அது வேறு கதை. பாட்டிகள் உள்ளே வரலாம், அவர்களுக்குத்தான் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

புதிய பச்சிளங்குழந்தைகள் பிரிவு திறப்பு விழா என்றால் எத்தனை வார்மர், எத்தனை வென்டிலேட்டர் என்று செய்தி வருகிறது. இனி அந்தச் செய்திகளின் கீழே நான் கேட்கப்போவது இதுதான்: அம்மாக்களுக்கு உள்ளே எத்தனை கட்டில்? கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? ராத்திரி அவர்களுக்குச் சாப்பாடு யார் தருவது? தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால் இன்னொன்றும் கேட்பேன்: அந்தக் கட்டிலுக்குத் தனி வாடகையா?